பொம்மை இரயிலுக்கு எந்த நிற விளக்கு?



பள்ளிக் கண்காட்சிகளில் மாணவர்கள் செய்து வைக்கும் இரயில் மாதிரிகளைப் பார்த்திருப்பீர்கள். அட்டையாலோ நெகிழியாலோ ஆன நீராவி இயந்திரம். அதன் நெற்றியில் நீலம் கலந்த வெண்மையோடு கண்ணைப் பறிக்கும் ஓர் எல்.இ.டி. விளக்கு. பார்வைக்கு அழகுதான். ஆயினும் நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில் அத்தகைய விளக்கே இல்லை. நம் மாணவர்களுள் சிலருடைய பூட்டன்மார் இந்நாட்டின் கம்பிச்சடக்கில் உழைத்தவர்கள். அவர்கள் காலத்து இயந்திரத்தைச் செய்து காட்டுகிறோம் என்றால் விளக்கும் அக்காலத்துக்கு உரியதாக இருக்க வேண்டாமா?

"தண்டவாளத்தில் ஓடும் வண்டி வழி தவறாதே, பிறகு எதற்கு விளக்கு?" என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. இரயில் நிற்க வேண்டிய தூரம் பெரும்பாலும் விளக்கொளி எட்டும் தூரத்தைவிட மிகுதி. ஆகவே ஓட்டுநர் பிறரைப் பார்ப்பதைவிட, பிறர் வண்டியைப் பார்ப்பதற்கே அது பெரிதும் உதவுகிறது. இங்கிலாந்தில் இருப்புப்பாதையின் இருபுறமும் வேலி உண்டு. அங்கு இயந்திரத்தின் முன்னால் தொங்கிய எண்ணெய் விளக்குகள் பாதையைக் காட்டுவதற்கல்ல. அவை வைக்கப்பட்ட இடத்தைக் கொண்டு, வருவது விரைவு வண்டியா சரக்கு வண்டியா எனச் சைகைக்காரர் அறிந்துகொள்வார். வேலியில்லாத அமெரிக்காவிலோ நிலைமை வேறு. தென் கரோலினாவில் 1830களில் பொறியாளர் ஹொரேஷியோ ஆலன், இயந்திரத்துக்கு முன்னால் ஒரு தட்டை வண்டியைத் தள்ளவிட்டு, அதில் மணல் பரப்பி, பைன் விறகை எரியவிட்டார். முகவிளக்கின் தொடக்கம் அந்த நெருப்புத்தான். பின்னர் மண்ணெண்ணெய் விளக்கும், அதன்பின் நீராவியால் சுழலும் சிறு மின்னாக்கியின் துணையோடு மின்குமிழும் வந்தன.

மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் அதன் கட்டுமானத்தில் உழைத்தனர். பிற்காலத்தில் தமிழகத்துத் தொழிலாளர்கள் தண்டவாளங்களைப் பராமரித்தனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர். பாதை சென்றதோ காட்டின் ஊடே. 1894 செப்டம்பர் 17ஆம் நாள் தெலுக் இந்தான் பகுதியில் ஒரு காட்டு யானை தன் கூட்டத்தைக் காக்க இரயிலை மோதித் தடம்புரளச் செய்து உயிர்விட்டது. அதற்கு நினைவுப் பலகையும் உண்டு. (மாணவர்களிடம் இக்கதையைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு அசையாது.)

நம் ஜொகூரின் கதை இன்னும் முந்தியது. அபு பாக்கார் ஆட்சியில், 1869இல், ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி மரத்தண்டவாளம் போடத் தொடங்கினர். மரத்தைக் கரையான் விடுமா? முயற்சி கைவிடப்பட்டது. 1909இல் ஜொகூர் பாரு வரை இரும்புப்பாதை வந்தது. 1923இல் இரயில் பாலத்தின் மீது சிங்கப்பூருக்குள் சென்றது. 1938 முதல் கிளாஸ்கோவில் செய்யப்பட்ட நீராவி இயந்திரங்களும், 1957 முதல் முதன்மைத் தடத்துக்கான டீசல் இயந்திரங்களும் வந்தன. எண்ணெய் விளக்கானாலும் இழைக்குமிழானாலும் அக்காலம் முழுவதும் ஒளியின் நிறம் மஞ்சள் சார்ந்ததே. நம் கெலாங் பாத்தாவில் பயணிகள் நிலையம் இல்லை. கெம்பாஸ் பாருவிலிருந்து தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் செல்லும் சரக்குப் பாதை மட்டும் உண்டு.

இனி பொம்மைக்கு வருவோம். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் அளவு வரையறுக்கப்பட்ட தண்டவாளங்களோடு பொம்மை இரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1930களில் 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் சிறிய மின்வண்டிகள் பரவின. அவற்றின் விளக்கு, கோதுமை மணியளவு இழைக்குமிழ். நிறம் பொருத்தமானதே, ஆனால் சூடு மிகுதி. நெகிழி உடலை உருக்கிவிடும். வண்டி மெதுவாகச் சென்றால் ஒளியும் மங்கும்.

எல்.இ.டி. இக்குறைகளைத் தீர்த்திருக்கலாம்; ஆனால் நெடுநாள் அதற்கு வேண்டிய நிறம் கிடைக்கவில்லை. 1962இல் நிக் ஹொலோன்யாக் சிவப்பு ஒளியைப் பெற்றார். 1972இல் ஜார்ஜ் கிராஃபோர்டு மஞ்சளைத் தந்தார். நீலம் மட்டும் பிடிபடவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை ஏது? ஜப்பானில் அகாசாகி, அமானோ ஆகியோர் பல்லாண்டு உழைத்தனர். 1993இல் நகமுரா பிரகாசமான நீல விளக்கை வெளியிட்டார். மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். 1996இல் நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசி வெள்ளை எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது. நம் மாணவர்களின் மாதிரிகளில் நீலம் எட்டிப்பார்ப்பதன் காரணம் இதுவே: உள்ளே இருப்பது நீல விளக்கு.

எனவே நீராவி இயந்திரத்துக்கும் பழைய டீசலுக்கும் 'வார்ம் வைட்' எனக் கடையில் கேட்டு வாங்குங்கள். 2,700 முதல் 3,000 கெல்வின் வரை உள்ளது இழைக்குமிழின் ஒளியை நெருங்கும். எண்ணெய் விளக்காயின், மெல்லிய ஆரஞ்சு வண்ணம் ஒரு பூச்சுப் பூசலாம். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், ஒற்றை 1.5 வோல்ட் மின்கலத்தில் அது எரியாது. 12 வோல்ட் தண்டவாளத்தில் நேரடியாக இணைத்தால் கருகிவிடும். 1,800 ஓம் மின்தடையம் ஒன்றைத் தொடராக வைத்தால் 5 மில்லி ஆம்பியர் ஓடும். பொம்மைக்கு அது போதும். நீண்ட கால் நேர்முனை. எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும் என்பதால், முன்விளக்கையும் பின்விளக்கையும் எதிரெதிராக இணைத்து ஒரே மின்தடையத்தோடு சேர்த்தால், வண்டி முன்னே போகையில் முன்விளக்கும் பின்னே போகையில் பின்விளக்கும் தாமாகவே எரியும். ஒன்று மற்றொன்றை எதிர்மின்னழுத்தத்திலிருந்து காக்கவும் செய்யும்.

விளக்கின் பின்புறத்துக்கும் உடலின் உட்புறத்துக்கும் கறுப்பு வண்ணம் இருமுறை பூசி, இருட்டறையில் ஓட்டிப் பாருங்கள். பூசாவிட்டால் விளக்கு மட்டுமின்றி இயந்திரத்தின் முகம் முழுவதும் ஒளிரும்.