தொகுதிப் பெயரும் நில எல்லையும்

பெயர் ஒன்றாயின் நிலமும் ஒன்றே எனக் கொள்ளுதல் வரலாற்றாய்வுக்குப் பொருந்தாது. வையையின் வடகரையிலுள்ள தல்லாகுளம் இதற்குத் தக்க சான்றாகும்.

1952ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மதுரை வடக்குத் தொகுதியில் பி. இராமமூர்த்தி வென்றார். 1957இல் அப்பெயர் மறைந்தது. மதுரை கிழக்கு, மதுரை மத்தி என்பன நின்றன. 1971இல் நகரம் மாநகராட்சியாயிற்று. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை அடியொற்றிய 2008ஆம் ஆண்டு மறுவரையறையில் 'மதுரை வடக்கு' மீண்டும் தோன்றிற்று. சமயநல்லூர்த் தொகுதி நீங்கிற்று. 2011இல் தேர்தல் கண்ட புதிய வடக்கினுள் தல்லாகுளம் அடங்கும்.

ஆதலின், இவ்விரு வடக்குகளின் வாக்குகளை ஒப்பிட முனைவோர் முதற்கண் அவற்றின் எல்லைகளை ஒப்பிடுதல் வேண்டும். இன்றேல், எல்லைக்கோடு மாறியதன் விளைவை மக்கள் மனம் மாறியதாக நாம் எழுதிவிடுவோம்.