ஒழுகுவதற்கென்று ஒரு துளை

1962-இல் இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாராகத் தொடங்கிய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் படுத்துப் பார்த்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில், பெல் ஹவுஸிங்கின் கீழே சின்னத் துளை ஒன்று தெரியும். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தளர்வாகத் தொங்கும். கார் ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருப்பதால் துளையில் அழுக்கு அடைக்காது. துளை எதுக்கு? உள்ளே கசியும் எண்ணெய் தேங்கி கிளட்ச் தட்டை நனைக்காமல் வெளியேறத்தான். கசியும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்!

பிரிட்டிஷ்காரர்களின் அலட்சியம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய மாடலான எம்ஜிஏவில் (1955) எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. சுழலும் தண்டில் திருகு மரை வெட்டியிருக்கும். சுற்றச் சுற்ற அது எண்ணெயை உள்ளே தள்ளும். உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை. வண்டியை நிறுத்தினால்தான் வினை, தள்ள ஆளில்லாமல் சொட்டும். எம்ஜிபியிலும் 1964 இறுதியில் ஐந்து பேரிங் எஞ்சின் வந்தபோதுதான் ரப்பர் சீல் வந்தது. இத்தனைக்கும் ஜெர்மனியில், தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம் 1930களிலேயே இத்தகைய சீல்களை முதலில் தோலிலும் பிறகு செயற்கை ரப்பரிலும் செய்துகொண்டிருந்தது.

ரப்பர் வந்தும் தொல்லை தீரவில்லை. வயதானால் அது இறுகிப்போகும். ஓடாமல் நிற்கிற காரில் இன்னும் சீக்கிரம். கியர்பாக்ஸின் முன்முனையும் அதே அறைக்குள்தான் இருக்கிறது. ஆக, அந்தத் துளையில் சொட்டுவது யாருடைய எண்ணெய்? இரண்டுக்கும் ஊற்றுவது ஒரே 20டபிள்யூ-50. நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். இரவு கீழே வெள்ளை அட்டை போட்டு வையுங்கள். கறுப்பாக விழுந்தால் எஞ்சின், தேன் நிறத்தில் விழுந்தால் கியர்பாக்ஸ்.

பின்முனை சீல் என்றால் கவலையில்லை: புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, ஃபிளேஞ்சை எடுத்து, அடியில் படுத்தபடியே மாற்றிவிடலாம். முன்முனை என்றால் எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். விரலளவு ரப்பர் வளையத்துக்காக! ராத்திரிக்கு நாலு சொட்டுதானே, ஒழுகட்டும் என்று விடலாம். ஆனால் அளவு பார்க்காமல் விடக்கூடாது. லேகாக் ஓவர்டிரைவ் பொருத்திய காரில் கியர்பாக்ஸுக்கும் அதற்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெய் குறைந்தால் முதலில் முரண்டு பிடிப்பது அதுதான். அப்புறமும் ஊற்றாமல் ஓட்டினால் பேரிங்குகள் போகும். கிளட்ச் தேய்ந்து எஞ்சினை வெளியே எடுக்கிற நாள் எப்படியும் வரும். சீலை அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம்.