பதியாத முக்கால் மணித்தியாலம்

சீனக்குடாவில் ஒரு வீட்டு முற்றத்தில் முக்கால் மணித்தியாலம் இருந்து ஐயாவின் கதையைப் பதிந்துகொண்டு வந்தோம். அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. 1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது சின்னப் பொடியன். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை, அறுத்துக்கொண்டு ஓடின மாடு எல்லாம் சொன்னார். வந்து போட்டுப் பார்த்தால் ஒரு பொட்டுச் சத்தமில்லை.

லப்டொப் பழசு, லினக்ஸ் போட்டது. டெர்மினலில் அல்சாமிக்சரைத் திறந்து, எஃப்4 விசையால் பதிவுப் பக்கத்துக்குப் போனோம். மைக்கின் பட்டைக்குக் கீழே ‘கப்ச்சர்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். ஸ்பேஸ் விசையை ஒருக்கா அமத்தியிருந்தால் போதும்!

எரிச்சலில்தான் இதன் வரலாற்றைத் தேடினோம். தொண்ணூறுகளில் லினக்ஸுக்கு ஒலி கொடுத்தது பின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனனின் ஓஎஸ்எஸ். அதில் மிக்சரும் ஒரு கோப்பு மாதிரித்தான். சத்த அளவு 0 இலிருந்து 100 வரை. பிறகு அதன் மேம்பட்ட பதிப்பு காசுக்கு விற்கப்பட்டது. செக் நாட்டவரான யாரொஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் ஒலி அட்டைக்கென்று தனியாக எழுதத் தொடங்கிய நிரலே 1998 அளவில் அல்சா என்ற பெருந்திட்டமானது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கருவில் அது சேர்ந்தே வந்தது.

அல்சாவுக்கு ஒரு பேர்போன குணம்: புதிதாக நிறுவினால் எல்லா வாய்க்காலும் மூடியே இருக்கும். திடீர்ச் சத்தத்தில் ஸ்பீக்கரும் காதும் கெடாமலிருக்க அது நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்து உதவிப் பக்கங்களில் ‘சத்தம் வரவில்லை’ என்பதற்கு முதல் பதில் ‘மியூட்டை எடுங்கள்’ என்பதே. இப்போதைய பதிப்புகள் பெரும்பாலும் தாங்களே திறந்துவிடும். எங்களுடையது திறக்கவில்லை.

இப்ப எங்களிடம் மூன்று வரிச் சின்ன ஸ்கிரிப்ட் இருக்கு. முதல் வரி அமிக்சரைக் கூப்பிட்டு மைக்கைத் திறந்து 80 வீதத்தில் வைக்கும். அடுத்தது அந்த அமைப்பை அல்சாசிடிஎல் மூலம் சேமிக்கும். கடைசி வரி ஐந்து செக்கன் பதிந்து எங்களுக்கே போட்டுக் காட்டும். பட்டையை இழுத்துப் பார்ப்பதைவிட இது நம்பிக்கை: எழுதிவைத்த வரி ஒவ்வொரு முறையும் அதையேதான் செய்யும்.

இரண்டாம் தரம் போனோம். “அதான் அண்டைக்கே சொன்னனே பிள்ளையள்” என்றுதான் ஐயா தொடங்கினார். சத்தம் தெளிவாக விழுந்திருக்கு. புகை இரண்டு வசனத்தில் முடிந்துவிட்டது. மாட்டுக் கதை வரவேயில்லை.