அந்திக்கு ஒரு கோல்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் மாணவரிடையே ஒரு மெல்லிய சிரிப்பு எழுவதை நாம் கண்டிருக்கிறோம். எவ்வாறு உண்பது, எப்போது நீராடுவது என்று பெருவாயின் முள்ளியார் அடுக்கிக்கொண்டே போவது அவர்களுக்கு வேடிக்கையாகப் படுகிறது. நாமும் ஒரு காலத்தில் அதனை வறண்ட நூலென்று ஒதுக்கியவர்களே. ஆயினும் நம் வீட்டுப் பழக்கங்களின் வரலாற்றைத் தேடிப் புகுவோர்க்கு அச்சிறுநூல் பெருந்துணை.

அதில் விடியற்காலைக் கடனையும் மாலைக் கடனையும் சேர்த்துச் சொல்லும் பாடல் ஒன்று உண்டு. பல் துலக்கும் குச்சியை அது 'கோல்' என்கிறது. துலக்குவதைத் 'தின்னல்' என்னும் வினையால் குறிக்கிறது. முனையை மென்று நாராக்கித் தேய்த்த வழக்கத்தை அந்த வினையே காட்டிவிடுகிறது. ஆனால் நாம் நின்று நோக்க வேண்டியது வேறொன்று. கோலும் கண் கழுவுதலும் தொழுகையும் விடியலுக்குச் சொல்லப்படுகின்றன. மாலைக்குத் தொழுகை மட்டுமே உண்டு, கோல் இல்லை. உண்டபின் எச்சில் அற வாயைத் தூய்மை செய்யும்படி நூல் பிறிதோரிடத்தில் வற்புறுத்துகிறது. அங்கு நீரே போதுமானதாகிறது. பல் துலக்கல் தெய்வத்தின் முன் நிற்பதற்கான தூய்மையாக இருந்தது. உறக்கத்திற்கு முந்திய கடனாக அது எண்ணப்படவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க சான்று ஒன்று வடபுலத்திலிருந்து கிடைக்கிறது. கி.பி. 671இல் சீனத்திலிருந்து புறப்பட்டு, நாலந்தாவில் பல்லாண்டு பயின்ற பௌத்தத் துறவி இத்சிங், பல் குச்சிக்கெனத் தம் நூலில் தனி அதிகாரமே வகுத்தார். நீளம் 12 விரல், குறைந்தது 8 விரல். பருமன் சுண்டுவிரல் அளவு. துலக்கியபின் குச்சியைக் கிழித்து நாக்கை வழிக்க வேண்டும் என்று அவர் விவரிக்கிறார். உணவுக்குப் பின்னும் பிக்குகள் குச்சியால் பல்லைத் துலக்கினர். அவர்களோ நண்பகலுக்குப் பின் உண்ணாதவர்கள். இரவுணவு உண்டு உறங்கிய இல்லறத்தாரின் நிலை அதுவன்று.

கருவிகள் பின்னர் மாறின. ஆலங்குச்சியும் கருவேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் இருந்த இடத்தில் உமிக்கரியும் உப்பும் சாம்பலும் கூட நெடுநாள் பழகின. இருபதாம் நூற்றாண்டில் பல்பொடி வந்தது. நஞ்சன்கூட்டு இளஞ்சிவப்புப் பொடியையும், இலங்கை வானொலி விளம்பரத்தால் ஊரெங்கும் பெயர்பெற்ற கோபால் பல்பொடியையும் மறவாதோர் நம்முள் பலர். 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நைலான் தூரிகை நாளடைவில் நம் வீட்டுக் குளியலறையையும் அடைந்தது. இடையே புகையிலை கலந்த பற்பொடிகளும் பற்பசைகளும் பல் துலக்கும் பெயராலேயே புகையிலைப் பழக்கத்தை ஊட்டின. 1992இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. குச்சி பொடியாயிற்று, பொடி பசையாயிற்று, விரல் தூரிகைக்கு இடம் விட்டது. பொழுது மட்டும் மாறவில்லை. இன்றும் நம் வீடுகள் பலவற்றில் பல் துலக்கல் காலைக்கே உரியது. இரவில் வாய் கொப்பளித்தலோடு கடமை முடிந்துவிடுகிறது.

உணவோ முற்றிலும் மாறிவிட்டது. படுக்கப்போகும் குழந்தைக்குச் சர்க்கரை கலந்த பாலும் பிஸ்கட்டும் கொடுப்பதை நாம் அன்பென்றே கருதுகிறோம். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன; அவ்வமிலமே பல்லை அரிக்கிறது. பகலில் உமிழ்நீர் அதன் கடுமையைத் தணிக்கும். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால் பல்லுக்குக் காவல் இல்லாத பொழுது இரவே. துலக்காது விட்ட பொழுதும் அதுவே என்பதுதான் நம் வரலாற்றின் முரண்.

செய்யத்தக்கவை எளியவை. இரவில் உண்டு முடித்தபின், ஃபுளோரைடு கலந்த பசையும் மென்மையான தூரிகையும் கொண்டு இரண்டு நிமிடம் துலக்குதல் வேண்டும். பின்னர் நீரன்றி வேறெதுவும் பருகலாகாது. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு அரிசியளவு பசையும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும்; ஏழு வயது வரையேனும் பெரியவர் கை உடனிருக்க வேண்டும். உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்ப்பவை, அவற்றை விட்டுவிடலாம். இத்சிங் போற்றிய நாக்கு வழித்தலை விட வேண்டியதில்லை.

ஆசாரம் என்பது நாள்தோறும் செய்து செய்து இயல்பாகிப்போன ஒழுக்கம். முள்ளியார் தம் காலத்து ஒழுக்கத்தைத் தொகுத்தார். நம் காலத்துக்குரியதை நாம்தாம் சேர்க்க வேண்டும். விடியலுக்கு அவர் வைத்த கோலை அந்திக்கும் வைத்துக்கொள்வோம். அதனை முதலில் நம் பிள்ளைகள் கையில் கொடுப்போம்.