சைட்டோகைன்: இயக்கியா, தூதா?

நோய்த்தடுப்பில் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் குறிப்புப் புரதங்களுக்கு 1974இல் ஸ்டான்லி கோஹனும் உடன் ஆய்ந்தோரும் முன்வைத்த ‘சைட்டோகைன்’ என்ற பெயருக்குள் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. ‘கைட்டோஸ்’ குழிந்த பாத்திரம், ‘கினேசிஸ்’ அசைவு. இலங்கைப் பாடநூல்கள் உயிரணுவைக் ‘கலம்’ என்பது இங்கே அழகாகப் பொருந்துகிறது, கலமும் பாத்திரம்தானே. அப்படியானால் ‘கல இயக்கி’ எனலாமா? கூடாது என்பேன். தொற்றுக்குள்ளான அணுக்களை அழிக்கும் கொல்லி டி அணு முழுமையாக விழித்தெழ மூன்று குறிப்புகள் வேண்டும்: எதிரியின் புரதத் துண்டு, அதைக் காட்டும் அணுவின் துணை ஒப்புதல், மூன்றாவதாக இன்டர்லூக்கின்-12 போன்ற ஒரு சைட்டோகைன். இன்டர்லூக்கின்-10 மிகுந்தாலோ அந்த எழுச்சி பெரும்பாலும் தணிகிறது. தணிப்பதை எப்படி ‘இயக்கி’ என்பது?

இந்த எழுச்சியையும் தணிப்பையும் எண்ணும்போது, மலேசியாவின் சுங்கை பூலோவில் 1930இல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பு நினைவுக்கு வருகிறது. ஒரே கிருமிதான்; ஆனால் சிலருக்கு ஓரிரு தோல் திட்டுகளோடு அடங்குகிறது, சிலருக்கு உடலெங்கும் பரவுகிறது. அடங்கிய புண்ணில் இன்டர்லூக்கின்-2, காமா இன்டர்ஃபெரான் ஆகிய சைட்டோகைன்கள் மிகுதி. பரவியதில் இன்டர்லூக்கின்-4, 10 மிகுதி. தொழுநோயில் முதன்மைப் பங்கு உதவி டி அணுக்களுக்கும் விழுங்கணுக்களுக்கும்தானே என்று கேட்கலாம். உண்மை, ஆனால் விழுங்கணுவைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரானைக் கொல்லி அணுவும் சுரக்கிறது. அப்படியானால் ‘இயக்கி’க்குப் பதில் ‘தூது’ எனலாமா? ஹார்மோனோடு குழம்பாதா? ஹார்மோன் சுரப்பியிலிருந்து இரத்தவழி நெடுந்தொலைவு போகும். சைட்டோகைன் பெரும்பாலும் அண்டை வீட்டுச் சேதி. எனவே ‘அணுத்தூது’ என்பேன். தூது போருக்கும் போகும், சமாதானத்துக்கும் போகும்.