"இங்க என்ன சாமி?" – கடாரத்து ஆற்றங்கரைக் கோயிலில் ஒரு நாள்

போன பள்ளி விடுமுறையில் நம்ம ஜொகூர் ஆலயத் தொண்டர்கள் குடும்பத்தோடு கெடாவுக்குப் போய் வந்தது பலருக்குத் தெரியும். படம் மட்டும் போட்டீங்களே, விவரம் எழுதலையான்னு கேட்டவங்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ராத்திரி பஸ் ஏறி, கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் ஓடி, காலையில் மெர்போக் போய்ச் சேர்ந்தோம். குனோங் ஜெராய் மலை அடிவாரம். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குள்ளே கொஞ்சம் மேடேறினா, மெர்போக் கெச்சில் என்கிற சின்ன ஆறு பாறைகளுக்கு நடுவே சலசலன்னு ஓடுது. அதன் கரையில் இருக்கு புக்கிட் பத்து பகாட் சண்டி. மலாயில் சண்டின்னா பழைய கோயில். பத்து பகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். எங்க கூட வந்த பத்து பகாட் ஊர்க்காரங்களுக்கு ஒரே குஷி. நம்ம ஜொகூர் பத்து பகாட்டுக்கும் ஒரு கதை உண்டு: சயாம் படை கடற்கரைப் பாறையைக் குடைந்து குடிதண்ணீர்க் கிணறு வெட்டியதாம். இங்கே செதுக்கிய கல் கோயிலாச்சு.

கோபுரம், சிலை, தூண் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க. இருப்பது கருங்கல் அடித்தளம் மட்டும்தான். ஆனா கோயிலில் வேலை செய்றவங்க கண்ணுக்கு உடனே புரிஞ்சிடும். இது கருவறை, இது முன்மண்டபம், இதில் மரத்தூண் நின்றிருக்கும். மேலே கூரை மரம்தான், அதெல்லாம் எப்பவோ மக்கிப் போச்சு.

பஸ்ஸில் வரும்போதே ஒரு பேச்சு. "ராஜேந்திர சோழன் கட்டின கோயில்"னு வாட்சாப்பில் வந்ததை ஒருத்தர் சத்தமா வாசிச்சார், எல்லாரும் கை தட்டினோம். அங்கே போய்ப் பார்த்தா, யார் கட்டினது என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. ராஜேந்திரன் 1025-இல் கடாரத்தின் மேல் கடற்படை அனுப்பியது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கு. ஆனா படையெடுத்து வந்தவர் கோயிலும் கட்டினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்கு முன்னாடியே, ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் தன் அப்பா பேரில் புத்த விகாரம் எழுப்ப, சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரையே தானமா கொடுத்திருக்காங்க. போக்குவரத்து அவ்வளவு நெருக்கம். இந்தக் கோயில் 10, 11-ஆம் நூற்றாண்டு என்று பொதுவா சொல்றாங்க. வியாபாரிகள் கட்டினதா, உள்ளூர் ராஜா கட்டினதா? எங்களுக்கு என்னவோ, சோழர் பெருமையை விட இந்தக் கேள்விதான் பெருசாப் பட்டது.

கதைகளும் நிறைய. ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா என்கிற பழைய மலாய் நூலில் நம்ம கருடன் வர்றார்! ரோம் இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் கல்யாணம் நடக்கவே விடமாட்டேன்னு நபி சுலைமானிடம் சபதம் போட்டு, மேரோங் மகாவங்சா வந்த கப்பல்களைத் தாக்குறார். அந்தக் கதையில் ஜெராய் மலைக்குப் பேர் புலாவ் செராய், அதாவது தீவு. கதைதானேன்னு விட முடியல. பழங்காலத்தில் கடல் இப்போதை விட மலைக்குக் கிட்ட இருந்ததா ஆராய்ச்சிக்காரங்களும் சொல்றாங்க. 1,217 மீட்டர் மலை. வங்கக் கடலைத் தாண்டி வர்ற மாலுமிக்கு முதலில் தெரிவது அதுதான்.

ராஜா பெர்சியோங் கதையும் அதே நூலில்தான். சமையல்காரி கை வெட்டுப்பட்டு ஒரு சொட்டு ரத்தம் கீரையில் விழ, அந்த ருசிக்கு மயங்கிய ராஜாவுக்குக் கோரைப்பல் முளைச்சுதாம். அன்னதானத்துக்குக் காய் நறுக்குற அக்காமார் அன்றைக்கு முழுக்க இதையே சொல்லிச் சிரிச்சாங்க.

எங்க மனசை உலுக்கியது வேற விஷயம். 1840-களில் ஜேம்ஸ் லோ என்கிற ஆங்கில அதிகாரி இந்தப் பகுதியில் இந்துச் சின்னங்கள் இருப்பதா எழுதினார். 1936-37-இல் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவியும் தோண்டினாங்க. பிறகு அலஸ்டேர் லாம்ப் 1960 வாக்கில் கல்லெல்லாம் அடுக்கி நிறுத்தினார். அப்போ கருவறைப் பகுதியில் மூடி போட்ட கல் பெட்டிகள் கிடைச்சது. உள்ளே பொன், வெள்ளி, மணிக்கற்கள்! கும்பாபிஷேகத்தில் பீடத்துக்கு அடியில் நவரத்தினமும் பஞ்சலோகமும் வைக்க நாம வரிசையில் நிற்போமே, நெனச்சுப் பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே ஆற்றங்கரையில் யாரோ அப்படித்தான் கையில் ஏந்தி நின்னிருக்காங்க.

மண்டபத்துக்கு வெளியே சில பேர் தானாகவே செருப்பைக் கழற்றிட்டாங்க. கற்பூரம் ஏற்றலாமான்னு ஒருத்தர் கேட்டார். தொல்லியல் இடம், வேண்டாம்னு சொல்லிட்டோம். அப்போ எட்டு வயசுப் பிள்ளை ஒன்னு கேட்டுச்சு: "இங்க என்ன சாமி?"

பதில் சொல்ல முடியல. சிவன் கோயிலா இருக்கலாம்னு ஒரு கருத்து. பள்ளத்தாக்கில் வேற இடத்தில் பிள்ளையாரும் மகிஷாசுரமர்த்தினியும் கிடைச்சிருக்கு. ஆனா இந்தக் கருவறையில் இருந்த மூலவர் யார், என்ன பேர் சொல்லி அர்ச்சனை செய்தாங்க, எதுவும் எழுதி வைக்கப்படலை. பொன்னைப் பத்திரமா புதைச்சவங்க பேரை விட்டுட்டாங்க.

இன்னொன்றும் சொல்லணும். 2013-இல் சுங்கை பத்துவில் 11-ஆம் எண் சண்டியை நிலமேம்பாட்டு வேலையில் இடிச்சுத் தள்ளிட்டாங்க. தனியார் நிலம், பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. செய்தி வெளியே வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது.

திரும்பி வர்ற வழியில் பஸ்ஸில் பாட்டு போடல. ஜொகூரில் எத்தனை தோட்டக் கோயில்! ரப்பர் போய் செம்பனை வந்து, லயம் கலைஞ்சு, சாமியை மட்டும் தூக்கிட்டு வந்து வேற இடத்தில் வச்சோம். முதல் கல் யார் வச்சது, அம்மன் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாள், சூலம் யார் அடிச்சது? நம்ம கோயிலுக்கே கேட்டா, இரண்டு பெரியவங்களைத் தவிர யாருக்கும் தெரியல.

அதனால் வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் நோட்டுப் புத்தகத்தோடு மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம். பழைய திருவிழா நோட்டீஸ், உபய ரசீது, தோட்டத்துப் படம் எது இருந்தாலும் கொண்டு வாங்க. நடக்க முடியாத தாத்தா பாட்டி வீட்டில் இருந்தா சொல்லுங்க, நாங்களே வந்து எழுதிக்கிறோம்.