பூசணி விதையும் பலாச்சுளையும்: கணக்கதிகாரத்தில் விளையாட்டு

திண்ணைப் பள்ளியின் கணக்குக் கல்வி மனப்பாடத்தால் மட்டுமே ஆனது என்பது பரவலான கருத்து. எண்சுவடியைக் காண்போர்க்கு அக்கருத்து எழுவது இயல்பே. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) எனத் தொடரும் பின்ன வாய்பாடுகளைச் சட்டாம்பிள்ளை சொல்ல, மாணாக்கர் உரக்க ஒப்பித்தனர். ஆயினும் வாய்பாட்டுக்கு அப்பாலும் ஓர் உலகம் இருந்ததைக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் காட்டுகிறது.

நிலம், பொன், நெல் முதலியவற்றின் அளவைகளைச் செய்யுளில் கூறும் இந்நூலில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளை அறியும் வழியொன்று உள்ளது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 எனில் சுளை 120. இதனை முன்னோரின் தாவரவியல் நுட்பம் எனப் போற்றுவோர் இன்று பலர். அப்பாராட்டு நூலுக்கு நன்மை செய்வதன்று. பலா ஒரு கூட்டுக்கனி. அதன் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூவே சுளையாகும், ஏனையவை நாராகிவிடும். எனவே காம்படி முட்கள் சுளைத்தொகையை உறுதிசெய்ய இயலாது.

அவ்வாறாயின் இச்செய்யுளின் பயன் யாது? ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தல் என்பது ஓர் எண்ணோடு அதன் நாலுமாவை, அதாவது ஐந்திலொரு பங்கைக் கூட்டுதலே. எண்சுவடியில் ஒப்பித்த பின்னம் இங்கே கைக்கு எட்டும் ஒரு பழத்தின்மேல் ஏறி நிற்கிறது.

பூசணிக்காய்க் கணக்கு இதனை இன்னும் தெளிவாக்கும். காயின் கீற்றுகளை எண்ணி, மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கி, பாதியாக்கி, மூன்றால் வகுக்க விதைத்தொகை வரும் என்கிறது நூல். முதலில் பெருக்கிய மூன்றை இறுதியில் வகுத்தே நீக்கிவிடுகிறோம். எஞ்சுவது ஆறைந்து முப்பதின் பாதி. கீற்றைப் பதினைந்தால் பெருக்குக என ஒரே அடியில் முடித்திருக்கலாம். விதையை அறிவதே நோக்கமாயின் இத்தனை சுற்று எதற்கு? நோக்கம் விடையன்று, வழியே எனக் கொள்வதுதான் பொருத்தம். சுற்றிவளைத்த வழியில் பெருக்கலும் பாதியாக்கலும் வகுத்தலும் ஒருசேரப் பயிலப்படுகின்றன. மூன்று வந்த வழியே போவதைக் கண்டுகொள்ளும் சிறுவனுக்கு ஒரு விடுகதையை அவிழ்த்த மகிழ்ச்சியும் கிட்டுகிறது. ஆகவே இத்தகைய செய்யுள்களை அளவைச் செய்யுள்களினின்று பிரித்து, பயிற்சிப் புதிர்களாக வகைப்படுத்துவதே நூலின் இயல்புக்கு ஏற்றது.